கேட்டடியில் வெள்ளைத் துப்பட்டி

அரிசி அளக்க டிரம்முக்குள் விட்ட படி எதிலோ இடித்து நின்றது. சஃபியா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் என்னென்னவோ வந்து ஒண்டும். போன வருஷம் இதே டிரம்முக்குப் பின்னாலிருந்துதான் ஒரு சாரைப் பாம்பை விரட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அசைவில்லை. அரிசியை விலக்கினால், மல் துணியில் சுற்றி ஒரு சாண் நீளத்தில் ஒரு ரயில் பெட்டி. மரூன் நிறம். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி. பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

வந்த கோபத்துக்கு அதை உலையில் போட்டிருக்கலாம். போடவில்லை. படியை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலுமாக மாடி ஏறினாள்.

"ஏங்க, இன்னக்கி சோறு ஆக்கவா, ரயில ஆக்கவா?"

அஹமது கபீர் திரும்பவில்லை. நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் சாமணம். ஏதோ கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அத ஏன் எடுத்த? சாயந்தரம் வரைக்கும் இருக்கணும். அரிசி ஈரத்த இழுத்துக்கும்."

"போனு தண்ணில விழுந்தா அரிசில போடுவாங்க. ஒங்க ரயிலு எந்தக் கொளத்துல விழுந்துச்சி?"

"காத்து பூரா தண்ணியா இருக்கே. இதுல மேல வார்னிஷ் அடிச்சா பூஞ்சை புடிச்ச மாதிரி வெளுத்துரும். மழ நெல்லுக்கு நல்லது, பெயிண்டுக்கு ஆகாது. குடு இப்புடி."

"நிக்காஹுக்கு நாளு கெடக்குறது பன்னெண்டு. நாளக்கழிச்சி சவரிராஜு சொவத்த சொரண்ட வர்றாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

அவர் சொன்ன விதத்திலேயே ஞாபகம் இல்லை என்பது தெரிந்தது. சஃபியா பெட்டியை மேஜையில் கோபமாகத்தான் வைத்தாள், ஆனாலும் ஒரு ஜன்னல் கம்பிகூட நோகாமல் பார்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

நாகூரில் அந்தத் தெருவில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சஃபியாவின் உம்மாவுக்கு இந்த வீட்டை அவருடைய உம்மா கொடுத்தார். சஃபியாவுக்கு அவள் உம்மா கொடுத்தார். மாடி அறை எப்போதும் புது மாப்பிள்ளைக்கு. அஹமது கபீர் மாப்பிள்ளையாக வந்து இறங்கியதும் அதே அறையில்தான். இப்போது அவர்கள் மகள் அனீஸாவுக்கு நிக்காஹ். நாகப்பட்டினத்து மாப்பிள்ளை அப்சருக்கு அந்த அறையைக் கொடுத்தாக வேண்டும். இதில் யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. வழக்கம் அப்படி.

தகராறு என்னவென்றால், அந்த அறையில் ஒரு ரயில்வே இருந்தது.

கபீர் ஷார்ஜாவில் இருபத்துமூன்று வருஷம் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர். அடிபட்ட காரின் கதவை மட்டும் மாற்றி, பழைய நிறத்தோடு புது நிறம் சேர்ந்த இடம் தெரியாமல் அடிக்கிறவர் என்று அங்கே பெயர். அங்கேயே ஒரு பழைய சாமான் சந்தையில் ஜெர்மன்காரன் யாரோ விற்றுவிட்டுப் போன பொம்மை ரயில் எஞ்சின் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் பச்சையைச் சுரண்டி, நம்மூர் மீட்டர்கேஜ் டீசலின் நீலமும் கிரீமும் அடித்ததில் தொடங்கியது. ஊர் திரும்பிய மூன்று வருஷத்தில் எஞ்சின் நாலு, பெட்டி பதினொன்று ஆகிவிட்டது. சக்கரமும் மோட்டாரும் மட்டும் வெளியிலிருந்து. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து அவரே செய்வது. ஜன்னல் கம்பிக்கு நாகப்பட்டினம் துறைமுகக் கடையில் வாங்கிய தூண்டில் நரம்பு. கூரையில் மழைநீர் வடியும் விளிம்புக்கு அனீஸாவின் உடைந்த ஹெட்போன் ஒயர்.

பெயிண்ட் அடித்து முடித்ததும் ஒரு மனிதன் திருப்திப்பட வேண்டாமா? மாட்டார். பளபளப்பாக ஒரு பெட்டியைச் செய்து வைத்துவிட்டு, அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து அதை அழுக்காக்குவார். சக்கரத்துக்கு மேலே துரு. படிக்கட்டில் செருப்புத் தேய்மானம். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே யாரோ வெற்றிலை துப்பிய கறை. "காசு குடுத்துப் பெயிண்ட வாங்கி எச்சி துப்புறீங்களே" என்று சஃபியா கேட்டதற்கு, "துப்பாத பொட்டிய இந்த லைன்ல நான் பாத்ததே இல்லையே" என்றார்.

அவளுக்கு அதில் சிரிப்பும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. இருபத்துமூன்று வருஷம் வருவார் வருவார் என்று இருந்தாள். வந்தார். வந்து மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பசியாற ஒரு தடவை, மதியச் சோற்றுக்கு ஒரு தடவை, தொழுகைக்கு ஐந்து தடவை இறங்குவார். ஷார்ஜாவில் இருந்தபோதாவது வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் அரை மணி நேரம் பேசினார் என்று தங்கையிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

சவரிராஜ் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். மாடி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று சுவர் ஓரமாகவும் மேஜை. மேஜை மேல் தண்டவாளம், வாய்க்கால், நடவு முடிந்த வயல், தென்னை.

"பாய், இத எடுத்துட்டா நான் அடிச்சிருவேன்."

"எடுக்குறேன். வியாழக்கெழம வரைக்கும் குடு சவரி. ஒரே ஒரு வேலதான் பாக்கி."

"வியாழன்னா நான் எப்ப பட்டி பாக்குறது, எப்ப காயிறது? இந்த ஈரத்துல ரெண்டு கோட்டுக்கு நாலு நாளு வேணும். மாப்புள வந்து சாஞ்சா சட்டையில ஒட்டிக்கும்."

"என்ன கலரு?"

"அக்கா பிஸ்தா கலருன்னு சொன்னாங்க."

"பிஸ்தாவா? கெழக்க பாத்த ரூமு. காலையில வெயிலு விழுந்தா வெளிறித் தெரியும். அதுல ரெண்டு சொட்டு மஞ்ச விடு."

"நான் முப்பது வருஷமா அடிக்கிறேன் பாய்."

"நானுந்தான்."

இரண்டு பெயிண்டர்களும் பிஸ்தா நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். சவரிராஜ் கடைசியில் எஞ்சினைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, "கோடு எப்படி பாய் இவ்ளோ சன்னமா வருது?" என்று கேட்டதில் விவகாரம் முடிந்தது. வியாழன் என்று ஒத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். சஃபியா கீழே தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஒரே ஒரு வேலை என்னவென்று பார்த்துவிடலாம் என்றுதான் மறுநாள் காலை அவளே டீயை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மழை விட்டிருந்தது. கபீர் ஜன்னலோரம் வெளிச்சத்தில் குனிந்திருந்தார். அவர் முன்னால் தண்டவாளத்தின் ஓரம் ஒரு ரயில்வே கேட். சிவப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கம்பி. கேட் கீப்பர் குடிசை. காத்திருக்கும் ஒரு மாட்டு வண்டி, இரண்டு சைக்கிள். கம்பிக்கு இந்தப் பக்கம், தனியாக, ஒரு பெண். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துப்பட்டி. ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

அந்தக் காலத்தில் தெருவில் எந்தப் பெண் வெளியே இறங்கினாலும் சேலைக்கு மேல் அந்த வெள்ளைத் துப்பட்டிதான். முகமும் தெரியாது, யார் வீட்டுப் பெண் என்றும் தெரியாது.

"யாருங்க இது?" என்றாள் சஃபியா.

கபீர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அறுபது வயது மனிதருக்கு முகம் சிவந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"தெரியாத மாதிரி கேக்குற."

"தெரியலையே."

"நீதான்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"தொண்ணூத்தெட்டுல நான் மொத மொத போனேன்ல," என்றார். "சாயந்தர வண்டி. வண்டி கேட்ட தாண்டுறப்ப நான் கதவுகிட்ட நின்னேன். நீ நிக்கிற. புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு, கையத் தூக்கிக் காட்டிக்கிட்டு. ஒங்கும்மா பொம்பளைங்கள வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. எப்படித்தான் யாருக்கும் தெரியாம வந்தியோ. நானும் கையாட்டுனேன். நீ பாத்தியா இல்லையான்னு தெரியல."

சஃபியா அந்தப் பொம்மைப் பெண்ணின் பக்கம் குனிந்தாள்.

"கடிதாசில எழுத முடியுமா? ஒங்க வாப்பாதான எல்லாருக்கும் படிச்சிக் காட்டுவாரு. லீவுல வந்தப்ப கேக்கலாம்னு பாத்தேன். ஒங்கும்மா காதுல விழுந்தா ஒனக்குத்தான் திட்டு. அப்பறம் கேக்கவே தோணல. அது எனக்குள்ளயே கெடந்துச்சி." சாமணத்தைத் துடைத்தார். "அந்த ஊர்ல ஜூலை மாசம் பெயிண்ட் பூத்துக்குள்ள நின்னு பாத்திருக்கியா? போதும், டிக்கெட் போட்டுருவோம்னு எத்தன தடவ நெனச்சிருக்கேன். அப்பல்லாம் இதத்தான் நெனச்சிக்குவேன். போறப்ப நீ கோவமா இருந்த. கூப்புட்டும் வரல. ஆனா கேட்டுக்கு வந்துட்டியே. அதுக்கு மேல என்ன வேணும்?"

அறையில் தின்னர் வாசனை. கீழே தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வரல," என்றார் கபீர். "அதுக்குத்தான் நாலு நாளா இதோட மல்லுக்கட்டுறேன். புள்ளய எந்த இடுப்புல வச்சிருந்த? வலதா, எடதா?"

சஃபியா அந்தத் தூக்கிய கையையே பார்த்தாள்.

"எடது," என்றாள்.

"நானும் அப்புடித்தான் நெனச்சேன்," என்றார் அவர். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அன்றைக்கு மதியம் அடுப்பில் மீன் ஆணம் அடிப்பிடித்தது. அப்படி அடிப்பிடிக்க விடுகிறவள் இல்லை அவள். சட்டியைச் சுரண்டிக்கொண்டே அந்த நாளை நினைத்தாள். நினைக்க ஒன்றும் கஷ்டப்பட வேண்டியதில்லை, மறந்தால்தானே.

விசா வந்த விஷயம் வாப்பாவுக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியும், சூட்கேஸ் விற்ற கடைக்காரருக்குத் தெரியும். பெண்டாட்டிக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அழுவாள் என்று சொல்லவில்லையாம். எட்டு மாதக் குழந்தையோடு அவள் கொல்லையில் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் கொல்லைக் கதவு வரை வந்து, "சஃபியா, வர்றேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ரயில் ஊதுகிற சத்தம் கேட்டபோதும் அங்கேதான் இருந்தாள். கேட்டுக்கு அவள் போகவே இல்லை.

யாரோ ஒரு பெண் அவளுடைய இடத்தில் நின்று, அவளுடைய புருஷனுக்குக் கையாட்டியிருக்கிறாள். அந்தக் கையை நம்பி மனிதர் இருபத்துமூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார். சொல்லாமலே விட்டால் என்ன குறைந்துபோய்விடும்? எடது என்று ஒரு வார்த்தை. அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் நல்ல பெயர். அப்படித்தான் அன்று தீர்மானித்தாள். தீர்மானித்த பிறகும் சட்டியை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை கபீரே மாடியிலிருந்து கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிடுவது அபூர்வம். அவள் போனாள். எல்லாம் முடிந்திருந்தது. நீலமும் கிரீமுமாக எஞ்சின், பின்னால் ஏழு மரூன் பெட்டி, சிவப்பு விளக்கோடு கார்டு வேன். இரண்டாவது பெட்டிக் கதவில் வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆள். கேட்டில் வெள்ளைத் துப்பட்டிக்காரி. இடது இடுப்பில் மிளகளவு ஒரு குழந்தை.

"பாரு," என்றார். ரெகுலேட்டரை மெதுவாகத் திருப்பினார். வண்டி கிளம்பி, வயலைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தில் லேசாகக் கடகடத்து, கேட்டுக்கு வந்ததும் நிதானமாகக் கடந்து போனது. அழகாகத்தான் இருந்தது.

"நாளக்கி எல்லாத்தையும் கழட்டணும். அதுக்கு முன்னாடி இன்னக்கி சாயந்தரம் அனீஸாவக் கூப்புட்டு இத ஓட்டிக் காட்டப்போறேன்," என்றார் கபீர். "நிக்காஹ் முடிஞ்சி நாப்பது நாள்ல அப்சரு சிங்கப்பூரு கெளம்பிருவாரு. புள்ள மொகம் வாடிக் கெடக்கு, பாத்தியா? அவகிட்ட சொல்லணும். ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு ஒங்கும்மா எப்படி நின்னான்னு. அவ்ளோ கோவத்துலயும் எப்படி வந்து அனுப்பி வச்சா, எப்படி இருந்தான்னு. அவளுக்கு ஒரு தெம்பா இருக்கும்ல?"

சஃபியா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவகிட்ட அத சொல்லாதீங்க."

"ஏன்?"

"அது நான் இல்ல."

கபீர் சிரித்தபடியே, "எது?" என்றார்.

"கேட்டுல நின்னது. நான் வரவே இல்லங்க. அது வேற யாரோ. எல்லாரும் ஒரே துப்பட்டிதான போட்டிருந்தோம், ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து எடதுன்னு சொன்னதும் பொய்யிதான். எம்மேல கோவிச்சிக்கிட்டாலும் சரி. என் புள்ளைக்கு அந்தக் கதய சொல்லாதீங்க."

வண்டி மறுபடி சுற்றி வந்து கேட்டைக் கடந்தது. கபீர் ரெகுலேட்டரைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின் வயலோரத்தில் நின்றது. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவர் பெயிண்ட் டப்பாக்களின் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடினார். எல்லாம் ஏற்கெனவே மூடித்தான் இருந்தன.

"அப்ப நீ எங்க இருந்த?"

"கொல்லையில. கெணத்தடியில."

"நான் கூப்புட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சி. ரெண்டு தடவ கூப்புட்டீங்க."

"கேட்டும் வரல."

"வரல. அவ்ளோ கோவம்."

கபீர் சாமணத்தை எடுத்தார். கேட்டருகே கொண்டுபோய் அந்தப் பெண்ணைப் பிடித்தார். சஃபியா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ இருக்கட்டும்."

"அதான் நீ இல்லேங்குறியே."

"நான் இல்லாட்டி என்ன? அவளுக்கும் அந்த வண்டில யாரோ போயிருப்பாங்க. புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் வந்து நின்னவள எதுக்குப் புடுங்கிப் போடுறீங்க?"

அவர் சாமணத்தை விட்டார். கையை அவள் விடவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. பெயிண்டும் தின்னரும் ஊறிக் காய்த்துப்போன கை.

"இத்தன வருஷத்துல ஒரு நாளு சொல்லியிருக்கலாம்ல சஃபியா. கோவம் இன்னும் போகலன்னு."

"எப்ப சொல்றது? ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நாப்பத்தஞ்சு நாள் வருவீங்க. மொத வாரம் சொந்தக்காரங்க. கடைசி வாரம் பொட்டி கட்டணும். நடுவுல இருக்குற ஒரு மாசத்துல சண்ட போட யாருக்கு மனசு வரும்?"

கபீர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்ததும் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் தன் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் அவர் முகத்தையும் துடைத்தாள். அவருடைய கன்னத்தில் இருந்த மரூன் பெயிண்ட் இழுபட்டுக் காது வரை போனது.

"வந்து மூணு வருஷம் ஆச்சே," என்றார் அவர். "அப்பறமும் நீ சொல்லலையே."

"நீங்க எங்க வந்தீங்க? மாடிக்குல்ல ஏறிட்டீங்க."

கபீர் நின்றுபோன எஞ்சினைப் பார்த்தார். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"எது?"

"கோவம்."

"இருக்கு," என்றாள் சஃபியா. "நெறைய இருக்கு. அன்னக்கிது மட்டும் இல்ல. அனீஸாவுக்கு மஞ்சக்காமால வந்துச்சே, அது இருக்கு. எங்க வாப்பா மவுத்தானப்ப நீங்க வரமுடியாமப் போனது இருக்கு. வீடு ஒழுகி நான் ஒத்தையில ஓடு மாத்துனது இருக்கு. எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன்."

கீழே கதவு தட்டுகிற சத்தம். சவரிராஜின் குரல்.

"பாய், நாளக்கி வரச் சொன்னீங்க. பெயிண்டு சாமானாவது இன்னக்கி எறக்கி வச்சிட்டுப் போறேன். ஏணியோட வந்துட்டேன்."

கபீர் எழுந்து மாடிப்படி வரை போனார்.

"சவரி, ஏணிய முத்தத்துல சாத்திட்டுப் போ. காலையில வா. நானும் கூட நின்னு அடிக்கிறேன், ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்."

"இந்த மழையில திரும்பிப் போவவா? எதும் அவசரமா பாய்?"

"ஆமாப்பா. வீட்டுல கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேஜை விளக்கை அணைத்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் பிளாஸ்டிக் துணுக்குகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சூட்கேஸ் வாங்குன அன்னக்கிலேருந்து சொல்லு," என்றார்.

சஃபியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.